மாசி போடாத சம்பலுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கொட்டாஞ்சேனை அக்காவுக்கு,



பெயர் போடக் கூடாது என்று நீங்கள் முதலே கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். "பேப்பர்ல பேரு வந்தா அடுத்த நாளே யாராவது வெள்ளைச் சட்டையோட போட்டோ புடிக்க வந்துருவாங்க தங்கச்சி, அவுங்களுக்கு டீ ஊத்தவே நேரம் போயிரும்" என்றீர்கள். ஆகவே பெயரும் இல்லை, தோட்டத்தின் இலக்கமும் இல்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு முடுக்கு, பொதுக் குழாயடி, கரி பிடித்த பெரிய தாச்சி. தெரிந்தவர்களுக்கு இது போதும்.

நேரில் நன்றி சொல்லிப் பார்த்தாயிற்று. "அதெல்லாம் என்னாத்துக்கு" என்றபடி ஒரு வாழைப்பூவைக் கையில் தந்து ஆயச் சொல்லிவிடுவீர்கள். அச்சில் வந்தால் வாழைப்பூவைத் திணிக்க முடியாதல்லவா, அதனால்தான் இந்த ஏற்பாடு.

எங்கள் வீடு பரம்பரைச் சைவ வீடு. வெள்ளவத்தையில் அப்படியான வீடுகளுக்குப் பஞ்சமில்லை. மச்சம் வாசற்படி ஏறாது. ஆனால் பால்தேத்தண்ணி இல்லாமல் பொழுது விடியாது, தயிர் இல்லாமல் மத்தியானம் முடியாது, வெள்ளிக்கிழமை பருப்பில் நெய் மிதக்கும். அப்படிப்பட்ட வீட்டில், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு நாள் பாலும் தயிரும் நெய்யும் இனி வேண்டாம் என்று அறிவித்தாள். தாய்ப்பசுவிடமிருந்து கன்றைப் பிரிப்பதைப் பற்றி எங்கேயோ பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை. என் அம்மாவுக்கோ அது மானப் பிரச்சினை. "பால் எப்பயிலிருந்து மச்சமானது? ஆறுமுக நாவலர் பெருமானே விலக்காததை உவள் விலக்கப் போறாளோ?" என்று இரண்டு நாள் என்னோடுதான் கோபம். மகள் தன் அறைக் கதவில் டொனால்ட் வொட்சனின் படத்தை ஒட்டினாள். 1944 நவம்பரில், இங்கிலாந்தில் யுத்தக் காலப் பங்கீட்டு அட்டைக்கு உணவு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், வீகன் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்த மனிதர். அம்மா படத்தைப் பார்த்து "இவர் எந்த ஊர்ச் சாமியார்?" என்று கேட்டார். ஓட்ஸ் பால் பெட்டியின் விலையைப் பார்த்த என் கணவர், இந்தக் கொள்கைக்கு வங்கியில் லோன் எடுக்க வேணும் என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் நீங்கள் வந்தது இடியப்பம் வழியாக. காலி வீதியில் ஒரு கடைக்கு விடியற்காலையில் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து போடுவீர்கள். சம்பலில் மாசிக்கருவாடு இருக்கிறதா என்று மகள் உங்களிடமே கேட்டாள். கொழும்பில் அந்தக் கேள்வி கேட்டால் பெரும்பாலும் "கொஞ்சம்தான்" என்று பதில் வரும், சைவக்காரருக்கு அந்தக் கொஞ்சம் பாதகமில்லை என்பதுபோல. நீங்கள் சொன்னது வேறு: "உப்பும் தேசிக்காயும் சரியா வுழுந்தா மாசி எதுக்கு பாப்பா?"

பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் குசினிக்கே வந்தீர்கள். மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: பாலுக்குப் பதில் எது, வெண்ணெய்க்குப் பதில் எது, முட்டைக்குப் பதில் எது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தீர்கள். அலுமாரியைத் திறக்கச் சொன்னீர்கள். பிட்டு, இடியப்பம், அவித்த கடலை, கௌபி, பாண், பயத்தம் பணியாரம், தொதல், சித்திரை வருசத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பாற்சோறு என்று விரல் விட்டு எண்ணி, இதில் எதிலே மாட்டுப் பால் இருக்கிறது என்று கேட்டீர்கள். எதிலும் இல்லை. பாற்சோற்றுக்கு ஊற்றுவதும் தேங்காய்ப்பால்தான். பிறகு மறைந்திருப்பவற்றைக் காட்டினீர்கள்: சூப் கட்டி, பிஸ்கட்டில் பால்மா, கடைச் சம்பலில் மாசி, மரக்கறி ரோல்ஸின் வெளிப்பூச்சில் முட்டை. நாங்கள் சிறப்புக் கடைகளில் தேடப் போனது எங்கள் வீட்டிலேயே முக்கால்வாசி இருந்தது. மீதிக் கால்வாசியைத்தான் நீங்கள் சொல்லித் தந்தீர்கள்.

சொதியை எடுத்துக்கொள்வோம். எங்கள் அம்மா வைக்கும் சொதி நல்ல சொதிதான், ஆனால் கடைசியில் ஒரு கரண்டி பசும்பால் விடுவார், நிறத்துக்கு. நீங்கள் தேங்காய்ப்பூவை மூன்று தரம் பிழிந்தீர்கள். முதற்பால் ஒரு கோப்பையில் தனியாக. இரண்டாம், மூன்றாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்வரை மெல்லிய நெருப்பில் விட்டீர்கள். முதற்பாலை ஊற்றியபின் கரண்டி நிற்கவேயில்லை. ஓரத்தில் நுரை கட்டி ஒரு தடவை எழும்பியதும் அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி கொஞ்சம் அடங்கவிட்டு, அதன் பிறகுதான் தேசிப்புளி. "கொதிக்கிறப்ப புளி வுட்டா தெரண்டுரும். அப்பறம் பசும்பால் ஊத்தி மறைக்கணும்னு தோணும்" என்றீர்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் இடியப்பத்துக்கு இரண்டாம் தரம் சொதி விட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அது கையெழுத்துப் போட்ட மாதிரி.

முழுச் சம்மதம் வந்தது அதே சாப்பாட்டு மேசையில்தான். அம்மா கடைசிக் கோட்டையாகப் பாயாசத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்: பாலில்லாமல் சாமிக்கு எதைப் படைப்பது? நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள்: "அம்மா, ஆடிப் பொறப்புக்கு நீங்க காச்சுற கூழுல மாட்டுப் பாலா ஊத்துறீங்க?" அம்மா யோசித்தார். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் அன்றும் இன்றும் அவ்வளவுதான். "அது... அது வேற" என்றார். வேறு என்ன என்று சொல்லவில்லை.

உங்களுக்கு இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டபோது நீங்கள் சொன்னதை நான் அடிக்கடி நினைப்பேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடு. காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பகலுக்குச் சோறும் கீரையும், நாள் முழுக்கச் சாயத் தண்ணி. "மாடு இருந்துச்சு பாப்பா, பால் இல்ல. கறந்த ஒடனே சொசைட்டிக்குப் போயிரும். கன்னுக்குக் கொஞ்சம், எங்களுக்கு ஒண்ணுமில்ல." உலகத்துக்கே தேயிலை அனுப்பிய மலையில், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் பால் கலக்காத சாயத்தில் வளர்ந்தார்கள். மகள் கன்றுக்காகக் கைவிட்டதை நீங்கள் முதலிலிருந்தே பெறவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. ஒன்று தெரிவு, மற்றது இல்லாமை. ஆனால் அந்த இல்லாமையில் பிறந்த கைத்திறனை, வயிற்றெரிச்சல் இல்லாமல், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தெரிவாகப் பழக்கித் தந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடலின் பெரும்பாதி.

மறுபாதி, பொருளாதார நெருக்கடியின் 2022-க்கு.

அந்த வருசத்தை மறந்தவர் யாருமில்லை, ஆனாலும் இலக்கங்கள் மங்குகின்றன. மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பக்கெட் 790 ரூபா, அதுவும் கடையில் இருந்தால். மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா. அதற்கும் இரவிரவாக வரிசை. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது முந்தின வருசம் நூறு ரூபாவுக்கு வாங்கியதற்குக் கிட்டத்தட்ட இருநூறு. நாட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் பேருக்குச் சாப்பாடு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் அந்த வருசம் கணக்குச் சொன்னது. கொழும்பே பிளேன்டீக்கு மாறியது. "இப்பதான் எல்லாரும் எங்க லயத்துக்கு வந்திருக்காங்க" என்று சிரித்தீர்கள். கொஞ்சம் கசப்பான சிரிப்புத்தான்.

அப்போதுதான் நீங்கள் உங்கள் முடுக்கில் எல்லாருக்குமாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினீர்கள். உடைந்த பலகைப் பெட்டிகள் விறகாயின. பணம் சேர்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்றீர்கள்; முடியாதவர்கள் ஒரு பிடி கீரை; அதுவும் முடியாதவர்கள் தண்ணீர் அள்ளித் தந்தால் போதும். பிடியரிசி எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஆனால் தண்ணீர் அள்ளினவருக்கும் அரிசி தந்தவருக்கும் ஒரே அகப்பைக் கணக்கு என்பது உங்கள் சட்டம்.

இதைக் கேட்டதும் என் அம்மா முதல் தடவையாக நாவலரை வேறு காரணத்துக்காக இழுத்தார். 1870-களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு வார்த்தவர் என்று சொல்லி, வீட்டில் இருந்த குத்தரிசியில் பாதியைப் பையில் கட்டினார். எனக்கு உடனே வடலூர் நினைவுக்கு வந்தது. வள்ளலார் 1867-இல் அங்கே சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டியவர். இந்த இரண்டு பெரியவர்களும் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சண்டை பிடித்து மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனவர்கள். பாட்டில் ஒத்துப்போகாதவர்கள் கஞ்சியில் ஒத்துப்போயிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அரிசிப்பை கைமாறும் முன் வாதம் எதற்கு.

உங்கள் கஞ்சிதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இலைக்கஞ்சி. குத்தரிசி குழையும்வரை வேகவேண்டும், உள்ளி சேர்த்து. வல்லாரையோ பொன்னாங்காணியோ, அன்றைக்குக் கிடைத்த இலையை இடித்துச் சாறு பிழிந்து துணியில் வடித்து வைத்திருப்பீர்கள். தேங்காய்ப்பாலும் உப்பும் கலந்து நெருப்பை இழுத்துவிட்டபின் கடைசியாகத்தான் இலைச்சாறு. முந்தி ஊற்றினால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. கருப்பட்டி இல்லாத நாட்களில் ஒன்றுமில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

பகலுக்குப் பலா. உங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பிஞ்சுப் பலாக்காயைக் கறுப்புக் கறியாக வைக்கச் சொல்லித் தந்தார், மிளகும் கொறக்காப்புளியும் போட்டு. ஆதர் வி. டயஸ் என்பவரைப் பற்றி அவரிடமிருந்துதான் நான் கேள்விப்பட்டேன். நாடு முழுக்கப் பலாமரம் நடச்சொல்லி இயக்கம் நடத்தி, சிங்கள மக்களிடம் 'கொஸ் மாமா' என்று பெயரெடுத்தவர். அவர் வைக்கச் சொன்ன மரங்களின் பேரப்பிள்ளைகள் 2022-இல் எத்தனை வீட்டுக்குச் சோறு போட்டன என்று யார் கணக்கெடுத்தார்கள்? மைசூர்ப் பருப்பு விலையேறியபோது பலாக்கொட்டையைப் பருப்போடு சேர்த்துக் கடைந்தீர்கள். தேங்காய் குறைந்த நாளில் பூசணிக்காயைக் கரைய வேகவிட்டுக் குழம்பைத் தடிக்கச் செய்தீர்கள். சமையல் கலை என்று தொலைக்காட்சியில் காட்டுவதெல்லாம் இதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பொம்மை விளையாட்டாகத் தெரிகிறது.

ஏன் முட்டைகூடப் போடவில்லை என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார். காசில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நீங்கள் சொன்னது: "இந்தச் சட்டி எல்லா வாசல்லயும் நிக்கணும்."

அதன் கனம் கொட்டாஞ்சேனையை அறிந்தவர்களுக்கு விளங்கும். 1883-இல் உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலமும் கத்தோலிக்கரும் மோதி அங்கே இரத்தம் சிந்தியது. இரண்டு வருசம் கழித்து, 1885 வெசாக்குக்கு, அதே கொட்டாஞ்சேனையின் தீபதுத்தாராம விகாரையில் பௌத்த கொடி முதன்முதலாக ஏறியது. நடந்துபோகும் தூரத்தில் பொன். இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகிறவர்களில் பலர் வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில் நிற்பார்கள்; அவ்வளவு கலந்த இடம். ஆனால் 1983 ஜூலைக் கலவரத்தை உங்கள் பக்கமும் கண்டது, எங்கள் பக்கமும் கண்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஒழுங்கைகளில் ஆளையாள் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது.

இந்த நாட்டில் சந்தேகம் சாப்பாட்டுக் கோப்பை வழியாகவும் வரும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து உடைத்தார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது, அது வெறும் மாவுக்கட்டி. ஒரு மாவுக்கட்டிக்கு அவ்வளவு பயம்.

உங்கள் தாச்சி திறந்த முடுக்கில், எல்லார் கண்முன்னாலும் கொதித்தது. யார் என்ன போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் போட்டவர்கள் அவர்களே. முஸ்லிம் வீட்டு உம்மா ஹலாலா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தவக்கால வெள்ளி என்று கத்தோலிக்க வீடு ஒதுங்கவில்லை. போயா தினத்தில் சில் எடுத்த அம்மாவும், கந்தசஷ்டி விரதக்காரரும் அதே அகப்பையில் வாங்கினார்கள். இறைச்சியில்லாத, முட்டையில்லாத, பாலில்லாத சட்டிக்கு இவ்வளவு வாசல் திறக்கும் என்று மகளின் புத்தகங்கள் சொல்லியிருக்கவில்லை. அவை மிருகங்களைப் பற்றிச் சொன்னவை, சுற்றாடலைப் பற்றிச் சொன்னவை, எல்லாம் சரிதான். பக்கத்து வீட்டைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள்.

நீங்கள் யாருக்கும் உபதேசம் செய்யாததற்கும் நன்றி. "மீன் தின்னாதே" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. முகத்துவாரத்தில் கடலை நம்பி வாழும் வீடுகளுக்கு மத்தியில் அது என்ன பேச்சு? உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்புக்காகத் தங்கை வீட்டுக்கு நழுவுகிறார். நீங்கள் தெரியாத மாதிரி இருக்கிறீர்கள், அவரும் தெரியாத மாதிரிப் போகிறார். என் மகள் ஆரம்பத்தில் மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் வாதாடுவாள். உங்களோடு காய் வெட்டப் போய் அந்தக் கூர் மழுங்கிவிட்டது. இப்போது சமைத்து முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் சார்பிலும் இதற்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது, இளம் தாய்மார் படிப்பார்கள். கீரையில் எல்லாம் இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "பி12 மாத்திரை வாங்கிக் குடு தங்கச்சி, அது செடியில இல்லன்னு கிளினிக் மிஸ்ஸி சொன்னாங்க" என்று என்னை மருந்துக்கடைக்கு அனுப்பியவர் நீங்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், திரிபோஷாவில் பால்மா இருப்பதால் வேண்டாமென்று சொல்லட்டுமா என்று உங்களிடம் கேட்டாள். 1973-இலிருந்து இந்த நாட்டின் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சத்துமா அது. நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மொதல்ல புள்ளய பெத்து எடு. கொள்கைய அப்பறம் ஊட்டலாம்."

இப்போது காஸ் கிடைக்கிறது, மின்சாரம் இருக்கிறது, தாச்சி கிழமைக்கு ஒரு தரம்தான் அடுப்பேறுகிறது என்று கேள்விப்பட்டேன். ஆனால் தேங்காய் எங்கே போய் நின்றது பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியது. சம்பலே ஆடம்பரமாகிவிட்டது என்று காலி வீதிச் சைவக் கடைகளில்கூடப் புலம்பினார்கள். முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலிலேயே நீங்கள் ஒப்பேற்றுவதாக மகள் வந்து சொன்னாள். ருசி குறையவில்லை என்றும் சொன்னாள், அதை நான் பாதிதான் நம்புகிறேன்.

ஆகவே அம்மாவின் செய்தி ஒன்று. வருகிற ஆடிப்பிறப்புக்குக் கூழ் எங்கள் குசினியில் இல்லையாம், உங்கள் தாச்சியில்தானாம். பனங்கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேரும். பயறு வறுத்து வைப்பதாக அம்மாவே ஏற்றுக்கொண்டிருக்கிறார், யாரையும் தொடவிட மாட்டாராம். தேங்காய் எங்கள் பொறுப்பு. நீங்கள் ஒன்றும் வாங்கக் கூடாது. துருவ மகளும் அவளுடைய சினேகிதிகளும் வருவார்கள், துருவலை மட்டும் இரண்டு மூன்று கூடுதலாகப் பார்த்து வையுங்கள். கிண்டுவது யார் என்பதில்தான் உங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டை வரப்போகிறது, அதை நீங்கள் இருவருமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைத் தங்கச்சி